பனிமூட்டத்தில் ஒரு பட்ஜெட்

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி ஸார் ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கதவைத் தட்டினார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் சமாசாரமாக இருக்கும் என்று நினைத்தேன். அசோசியேஷன் கணக்கு என்னிடம்தான் இருக்கிறது. பி.காம். படித்த பாவத்துக்கு எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் அந்தப் பொறுப்பு என் தலையில்தான் விழும்.

"தம்பி, எனக்கு ஒரு பட்ஜெட் போட்டுக் கொடுக்கணும். வர்ற வருஷம் ரிடையர் ஆகறேன். ஆப்பிரிக்கா போய் கொரில்லா பார்க்கணும்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். சீரியஸாகத்தான் இருந்தார். 34 வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மற்றவர்களின் உயிருக்கும் காருக்கும் பிரீமியம் கணக்குப் போட்ட மனிதர். காசி, ராமேஸ்வரம், பெண் வீடு என்று போக வேண்டிய வயதில் கொரில்லாவா?

"ஒரு படம் பார்த்தேன் தம்பி. 'கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்'. ரெண்டு நாளா தூக்கம் வரலை."

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். காலேஜ் நாளில், கேபிள் டிவியில், பாதியிலிருந்து. பட்ஜெட் போடுவதற்கு முன்னால் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பார்த்து முடித்தபோது எனக்கும் தூக்கம் வரவில்லை. காரணம் மட்டும் வேறு. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

1988-ல் வந்த படம். டைரக்டர் மைக்கேல் ஆப்டெட். டயன் ஃபாஸி என்ற அமெரிக்கப் பெண்ணின் நிஜக் கதை. ஊனமுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போகிறார். ருவாண்டாவின் எரிமலைச் சரிவில் கூடாரம் போட்டு மலை கொரில்லாக்களோடு கிட்டத்தட்ட 18 வருஷம் வாழ்கிறார். வேட்டைக்காரர்களோடு மோதுகிறார். 1985 டிசம்பரில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, தன் குடிசையிலேயே வெட்டிக் கொல்லப்படுகிறார்.

டயனாக நடித்தவர் சிகோர்னி வீவர். பார்க்காதவர்கள் அவருக்காகவே ஒருமுறை பார்க்கலாம். பல காட்சிகளில் நிஜக் கொரில்லாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். முடியாத இடங்களில் ரிக் பேக்கர் செய்த கொரில்லா உடைக்குள் ஆட்கள் புகுந்து நடித்திருக்கிறார்கள். எது நிஜம், எது உடை என்று கண்டுபிடிக்கிறேன் பார் என்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோற்றேன். கம்ப்யூட்டர் வித்தை வருவதற்கு முந்தைய காலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆஸ்கர் நாமினேஷன், வீவருக்கு கோல்டன் குளோப். எல்லாம் நியாயமாகக் கிடைத்தவைதான்.

ஒரு காட்சி. டிஜிட் என்ற ஆண் கொரில்லா தயங்கித் தயங்கி வந்து டயனின் விரலைத் தொடும். மூன்றாவது மாடி ஸாரின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். நிஜத்தில் டயனின் கையை முதலில் தொட்ட கொரில்லாவின் பெயர் பீனட்ஸ். டிஜிட் பிற்பாடு வேட்டைக்காரர்களால் கொல்லப்படப் போகிறது என்பதால் சினிமாவுக்காகத் தொடுகையை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். இது பெரிய குற்றம் இல்லை. சினிமா என்றால் கொஞ்சம் பாத்திரம் மாறத்தான் செய்யும்.

என் புகார் வேறு. படம் எதைக் கணக்கிலேயே எழுதாமல் விட்டது என்பது.

முதல் விடுபடல். டயன் ஃபாஸி ஆராய்ச்சி செய்ய வந்தது 1966 கடைசியில். ஆனால் 1963-லேயே ஒருமுறை ஆப்பிரிக்கா வந்துபோயிருக்கிறார். எப்படி? சாதாரண டூரிஸ்ட்டாக! மூன்று வருஷம் கட்ட வேண்டிய பாங்க் கடன் வாங்கி, வழிகாட்டியை வாடகைக்கு அமர்த்தி, கென்யா, டான்ஸானியா, காங்கோ என்று சுற்றியிருக்கிறார். முதல் கொரில்லாவைப் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். பணம் கட்டி வந்து, பார்த்து, மயங்கிப் போனவர். மூன்றாவது மாடி ஸார் மாதிரியேதான். படத்தில் இந்தப் பயணம் கிடையாது. பேராசிரியர் லீக்கியின் சொற்பொழிவில் ஆரம்பித்து நேராக மலைக்குப் போய்விடுகிறார்கள்.

(லீக்கி பற்றி ஒரு கிளைக் கதை. காட்டில் அவசர ஆபரேஷனுக்கு வசதி இருக்காது, அதனால் கிளம்புமுன் குடல்வாலை எடுத்துவிடு என்றாராம். டயனும் எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் லீக்கியின் கடிதம் காத்திருக்கிறது: அதெல்லாம் தேவையில்லை, உன் உறுதியைச் சோதித்தேன்! நம் ஊர் இன்டர்வியூக்கள் எவ்வளவோ தேவலை.)

டூரிஸ்ட்டாக வந்த அதே டயன் பின்னாளில் டூரிஸ்ட்டுகளை அறவே வெறுத்தார். கொரில்லாக்களை வேடிக்கைப் பொருளாக்கினால் நோய் பரவும், அமைதி கெடும் என்றார். அவர் பயம் வீண் இல்லை. கொரில்லாவின் மரபணு நம்முடையதோடு சுமார் 98 சதவிகிதம் ஒத்துப்போகிறது. நமக்கு ஜலதோஷமாக வந்து மூன்று நாளில் போவது அதற்கு நிமோனியாவாகி உயிரை வாங்கிவிடும்.

இரண்டாவது விடுபடல்தான் பெரியது. வேட்டைக்காரர்கள் ஏன் வருகிறார்கள்?

படம் சொல்லும் பதில் சுலபமானது. ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைக்குக் குட்டி பிடித்துக் கொடுக்கும் கெட்ட வியாபாரி. கொரில்லாவின் கையை வெட்டிச் சாம்பல் கிண்ணம் செய்து விற்கும் கூட்டம். இதெல்லாம் நடந்தவைதான். டிஜிட்டின் தலையையும் கைகளையும் 1977-ன் கடைசி நாளில் வெட்டிக்கொண்டு போனது நிஜம். ஆனால் காட்டுக்குள் வைத்த கண்ணிகளில் பெரும்பாலானவை மான் பிடிக்க வைத்தவை. கறிக்காக. கொரில்லா அதில் தவறிப்போய் மாட்டிக்கொள்ளும், கை கால் அழுகிச் சாகும்.

அப்புறம் நிலம். ஆப்பிரிக்காவிலேயே ஜன நெருக்கடி மிகுந்த நாடுகளில் ஒன்று ருவாண்டா. காட்டின் எல்லை வரை உருளைக்கிழங்கு வயல். 1969 வாக்கில் இந்தப் பூங்காவில் சுமார் 10,000 ஹெக்டேர் காட்டை வெட்டி பைரித்ரம் என்ற பூச்செடி போட்டார்கள். வெள்ளை வெள்ளையாக சாமந்தி மாதிரி பூக்கும். எதற்குத் தெரியுமா? பூச்சிக்கொல்லி தயாரிக்க. வேட்டைக்காரனின் ஈட்டியைவிட அதிக இடத்தைக் கொரில்லாவிடமிருந்து பிடுங்கியது இந்தப் பூதான். அதற்கு முகம் கிடையாது. அதனால் வில்லனாக நடிக்க வைக்க முடியவில்லை போலிருக்கிறது.

மூன்றாவது, உள்ளூர் மனிதர்கள். படத்தில் டயனுக்குத் துணையாக செம்பகரே என்று ஒரு தடயக்காரர் வருகிறார். அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் பல பேரை உருக்கி வார்த்த ஒரே பாத்திரம் அவர். நிஜத்தில் டயனுக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஸன்வெக்வே, அவருக்கு முன்பே 1959-60-ல் அதே மலையில் கொரில்லாக்களை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், யாரும் படத்தில் இல்லை. டயன் தனியாக வந்தார், தனியாகக் காப்பாற்றினார், தனியாகச் செத்தார் என்கிற சித்திரம்தான் மனதில் தங்குகிறது. பிடிபட்ட வேட்டைக்காரனைத் தூக்கில் போடுவதுபோல் மிரட்டுவதையும், குடிசைக்குத் தீ வைப்பதையும் படம் மறைக்கவில்லை. ஆனால் பின்னணி இசை அவர் பக்கம் நிற்கிறது. எரிகிற குடிசை யாருடையது, அதில் எத்தனை பேர் தூங்குவார்கள் என்று காமிரா கேட்கவில்லை.

சரி, ஸாரின் பட்ஜெட்டுக்கு வருகிறேன். ஏனென்றால் என் நான்காவது புகார் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சஃபாரி என்றால் நமக்கு முதலில் சூட், அப்புறம் டாடா கார். சுவாஹிலியில் அதற்குப் பயணம் என்றுதான் அர்த்தம். ஜீப்பில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி சிங்கம் பார்க்கிற கதை இங்கே நடக்காது. மலை அடிவாரத்தோடு ஜீப் சரி. பிறகு நடை. மூங்கில் புதர், முழங்கால் வரை சேறு, தொட்டால் தீயாக எரிகிற காஞ்சொறிச் செடி. கையுறையும் நல்ல பூட்ஸும் கட்டாயம். கொரில்லா எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். ஒரு மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். ஒரு குழுவில் எட்டுப் பேர். கண்டபிறகு சரியாக ஒரே ஒரு மணி நேரம் பக்கத்தில் இருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பத்து மீட்டர் தள்ளி. 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஜலதோஷம், இருமல் இருந்தால் காலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அல்லது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் மழைத் தொல்லை குறைவு.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ருவாண்டாவில் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 1,500 டாலர். ஒரு ஆளுக்கு. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் தனி. 2017-ல் 750-லிருந்து ஒரே ராத்திரியில் இரண்டு மடங்காக்கினார்கள். உகாண்டாவில் 2024 ஜூலையிலிருந்து 800 டாலர்.

"பகல் கொள்ளையா இருக்கே தம்பி" என்றார் ஸார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு கணக்கைத் திருப்பிப் பார்த்தேன்.

1970-களின் கடைசியில் ருவாண்டா அரசு பூங்காவில் இன்னொரு 5,000 ஹெக்டேரை வெட்டி மாடு வளர்க்கத் திட்டம் போட்டது. ஏழை நாடு. காட்டில் குரங்கு உட்கார்ந்திருப்பதால் அரசாங்கத்துக்கு என்ன வரவு? அப்போது அங்கே இருந்த பில் வெபர், ஏமி வெட்டர் என்ற இளம் தம்பதி ஒரு மாற்றுக் கணக்கைக் கொண்டுபோனார்கள். மாட்டைவிட கொரில்லா அதிகம் சம்பாதித்துத் தரும், சிறு குழுக்களாக ஆட்களை விடுங்கள், கட்டணம் வாங்குங்கள் என்றார்கள். 1979-ல் அந்தத் திட்டம் ஆரம்பித்தது. டயனுக்குப் பிடிக்கவே இல்லை. மாட்டுப் பண்ணை வரவில்லை. காடு நின்றது.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1981 கணக்கெடுப்பில் விருங்கா எரிமலைகளில் இருந்த கொரில்லாக்கள் சுமார் 250. 2015-16-ல் 604. தனியாக உள்ள உகாண்டாவின் ப்விண்டி காட்டில் 2018-ல் 459. கூட்டினால் 1,063. இதற்கு நடுவில் 1994-ல் நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் மனிதர்கள் கொல்லப்பட்ட ருவாண்டா இனப்படுகொலை நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டயனின் ஆராய்ச்சி முகாம் அந்தக் கலவரத்தில் தரைமட்டமானது. கொரில்லாக்களில் பெரும்பாலானவை தப்பின. 2018 நவம்பரில் 'மிக மிக ஆபத்தில்' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி வைத்தார்கள்.

எல்லாம் டூரிஸ்ட் காசுதான் என்று சொல்லவில்லை. கண்ணி அறுக்கிற ரோந்துப் படை, காட்டுக்குள்ளேயே வைத்தியம் பார்க்கிற மிருக டாக்டர்கள் இருவருக்குமே டயன்தான் விதை போட்டவர். 70-களில் அவர் மல்லுக்கு நிற்காமல் போயிருந்தால் 1979-ல் காட்டுவதற்குக் கொரில்லாவே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் வெபர், வெட்டர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொலை உண்டு, காதல் உண்டு, பனிமூட்டம் உண்டு. கணக்குப் பார்த்துக் காட்டைக் காப்பாற்றிய இரண்டு பேருக்கு இந்தக் கதையில் இடமில்லை. இதுதான் என் நான்காவது புகார். பி.காம். படித்தவனின் வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், டூரிஸ்ட்டுகளை விரட்டிய பெண்ணைப் பற்றிய இந்தப் படம்தான் ருவாண்டா டூரிஸத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய விளம்பரம். எங்கள் மூன்றாவது மாடியே சாட்சி.

அதற்காகச் சுற்றுலாக் கணக்குச் சுத்தமானது என்று கையெழுத்துப் போடவும் நான் தயாரில்லை. ஆடிட் செய்தால் அதிலும் ஓட்டை. 1991-ல் ப்விண்டியைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, காலகாலமாக அந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்களை வெளியேற்றினார்கள். கொரில்லாவோடு சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்தவர்கள் இன்று காட்டு விளிம்பில் கூலி வேலை செய்கிறார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு நடனம் ஆடிக் காட்டுகிறார்கள். ருவாண்டாவில் பூங்கா வருமானத்தில் சுற்றுவட்டார கிராமங்களுக்குப் போகும் பங்கு 2005-ல் 5 சதவிகிதமாக ஆரம்பித்தது, 2017-ல் 10 ஆனது. நூறு ரூபாயில் பத்து ரூபாய். பள்ளிக்கூடமும் தண்ணீர்க் குழாயும் வந்திருக்கின்றன, சரி. ஆனால் ராத்திரி காட்டெருமை வந்து உருளைக்கிழங்கு வயலை மிதித்துவிட்டுப் போனால் முதல் அடி அந்த விவசாயிக்குத்தான்.

வெளிநாட்டு ஆட்களையே நம்பிக் கடை விரித்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனாவில் டூரிஸ்ட் வரத்து நின்றது. அந்த வருஷம் ஜூனில் ப்விண்டியில் ரஃபிகி என்ற பெயர் பெற்ற ஆண் கொரில்லா ஈட்டியால் குத்தப்பட்டுச் செத்தது. குத்தியவன் கொரில்லாவைத் தேடிப் போனவன் இல்லை. சின்ன மிருகங்களை வேட்டையாடப் போனவன். மறுபடியும் கறிதான். மறுபடியும் அந்தப் பழைய கண்ணிக் கதைதான்.

'விருங்கா' என்று 2014-ல் ஒரு டாகுமென்ட்டரி வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், காங்கோ. அங்கே பூங்காவைக் காக்கப் போய் இதுவரை உயிரைக் கொடுத்த காவலர்கள் 200-க்கும் மேல். தாயை இழந்த கொரில்லாக் குட்டிகளைத் தோளில் போட்டு வளர்க்கிற உள்ளூர் மனிதர்களை அதில் பார்க்கலாம். மேக்கப் இல்லை, காதல் இல்லை. 'கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்' பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் படம் விட்டுவிட்ட முகங்கள் இரண்டாவதில் இருக்கின்றன.

பட்ஜெட்டை எழுதி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். என் யோசனை இதுதான். ருவாண்டா தலைநகர் கிகாலியில் இறங்குவது. டயனின் சமாதிக்கு மலையேறிப் போக 75 டாலர் கட்டணம். அவருடைய சமாதிக்குப் பக்கத்திலேயே டிஜிட்டின் சமாதியும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரோடு வழியாக எல்லை தாண்டி உகாண்டாவின் ப்விண்டி. அங்கே 800. ஆக 875. ருவாண்டாவிலேயே கொரில்லா பார்ப்பதைவிட ஆளுக்கு 625 டாலர் மிச்சம். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே விசா 100 டாலர். மஞ்சள் காய்ச்சல் ஊசியை கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டுக்கொள்ள வேண்டும். சர்ட்டிஃபிகேட் இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஏர்போர்ட்டிலேயே பிடித்துத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். மிச்சமாகும் காசில் சுமைதூக்கும் கூலி ஆள் ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். பை கனமோ இல்லையோ, அந்தக் காசு நேராக அந்த ஊர்க்காரர் கைக்குப் போகிறது. ஸாரின் முழங்காலுக்கும் நல்லது.

ஸார் பேப்பரை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அதெல்லாம் சரி தம்பி. ஒண்ணு கேக்கறேன். நான் போறது அதுங்களுக்கு நல்லதா, போகாம இருக்கறது நல்லதா?"

34 வருஷம் ரிஸ்க் கணக்குப் போட்டவர் கேட்கிற கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யாருமே போகாவிட்டால் அந்தக் காடு உருளைக்கிழங்காகவோ மாடாகவோ மாறிவிடும். எல்லோரும் போனால் நம் இருமலே போதும். எட்டு எட்டுப் பேராக, விலை கொடுத்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம். கிட்டே போய் விரலைத் தொடுகிற ஆசையைச் சினிமாவோடு விட்டுவிட வேண்டும்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. விரல் தொடுகிற காட்சிக்காகத்தானே கிளம்பினார். உள்ளேயிருந்து அவர் மனைவி இருமும் சத்தம் கேட்டது.

"ஜூன் மாசத்துக்கே போட்டுடுங்க தம்பி. அதுக்குள்ள இவளுக்கு இருமல் நிக்கணும். இல்லேன்னா நான் மட்டும் ஏறிட்டு வர்றேன், அவ அடிவாரத்துல இருக்கட்டும்."

"யாரு அடிவாரத்துல?" என்றது உள்ளேயிருந்து குரல்.

இப்போது தினமும் காலை ஐந்தரை மணிக்கு இரண்டு பேரும் பரங்கிமலைப் படிக்கட்டு ஏறி இறங்குகிறார்கள். நேற்று லிஃப்டில் பார்த்தபோது ஸார் பெருமையாகச் சொன்னார்: அவருக்குத்தான் மூச்சு வாங்குகிறதாம். அம்மா முன்னால் போய்விடுகிறாராம்.